மாய நகரும் அதன் மாந்தரும் – ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ ஓர் அறிமுகம்

தமிழ்க் காப்பியங்களைப் பயிலும் மாணவர்கள் நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் பகுதிகளை நன்கு அறிவர். தலைவனைப் பாடுவதற்கு முன்னர் அவன் பிறந்த நாட்டின் வளத்தையும் நகரின் சிறப்பையும் பாடுவது காப்பிய மரபு. உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் இம்மரபைக் கைவிடவில்லை. இக்காப்பியங்களில் நகரம் என்பது தலைவன் தோன்றுவதற்கு அமைந்த அரங்கு. ஆனால், நகரமே பகையாகவும், நகரமே கதையாகவும், நகரமே வெல்லப்பட வேண்டிய பொருளாகவும் அமைந்த ஓர் இலக்கியம் நம் நாட்டில் உருது மொழியில் தோன்றியது. ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்பது அதன் பெயர். மாயத்தால் எழுந்த அந்த நாட்டையும், அதில் வாழ்ந்த பலதிறப்பட்ட மாந்தரையும், அதைச் சொன்னோரையும், அது மறைந்து மீண்ட வரலாற்றையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

சொல்லும் பொருளும்

‘திலிஸ்ம்’ என்னும் சொல் கிரேக்கத்தில் பிறந்து, அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கி, உருதுவுக்கு வந்தது. தாயத்து, மந்திரக் காப்பு என்பன அதன் பழைய பொருள்கள். கதை மரபில் அது விரிந்து, மாயாவி ஒருவன் தன் வித்தையால் படைத்து நிறுத்திய தனி உலகத்தைக் குறிக்கலாயிற்று. ‘ஹோஷ்’ என்பது உணர்வு. ‘ருபா’ என்பது கவர்ந்து செல்வது. எனவே ‘உணர்வைக் கவரும் மாய உலகம்’ என்று இத்தலைப்புக்குப் பொருள் கூறலாம்.

திலிஸ்முக்கு உரிய இலக்கணம் ஒன்று உண்டு. அதனுள் புகுந்தவர் எளிதில் வெளியேற இயலாது. அங்குள்ள மரமும் பறவையும் நீரும் நெருப்பும் இயற்கை விதிக்குக் கட்டுப்படாமல், படைத்தவனின் ஆணைக்கே கட்டுப்படும். எனினும், படைக்கப்படும்போதே அதற்கு ஆயுளும் வரையறுக்கப்படுகிறது. அதனை உடைக்கப் போகிறவன் இன்னான் என்பதும், உடைக்கும் வழி ‘லௌஹ்’ எனப்படும் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதும் கதை மரபு. அழிவுக்கான திறவுகோலையும் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு பிறக்கும் நாடு அது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் கதையின் போக்கு விளங்கும்.

நூலின் வரலாறு

ஹோஷ்ருபா தனிக்கதை அன்று. அமீர் ஹம்ஸாவின் தாஸ்தான் எனப்படும் பெருங்கதையின் ஒரு பகுதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரும், கி.பி. 625இல் உஹதுப் போரில் உயிர்த்தியாகம் செய்தவருமாகிய ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத் தலைவனுக்குச் சூட்டிப் பாரசீகத்தில் வளர்ந்த வீரகதை இது. கதையில் வரும் வீரச்செயல்களுக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்பதைச் சொன்னவர்களும் அறிவர்; கேட்டவர்களும் அறிவர்.

இக்கதை எட்டிய எல்லைகள் வியப்புக்குரியன. மலாய் மொழியில் அது ‘ஹிக்காயத் அமீர் ஹம்ஸா’ ஆயிற்று. சாவகத்தில் மரப்பாவைக் கூத்தாக ஆடப்பட்டது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்கிய வேளையில், போருக்கு முந்திய இரவு தங்களுக்கு ஊக்கம் தர வீரகதை ஒன்றைப் படிக்கத் தருமாறு வீரர்கள் கேட்டனர் என்றும், சுல்தான் முதலில் அனுப்பியது ஹம்ஸாவின் கதையே என்றும் மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. வட இந்தியாவில் பேரரசர் அக்பர் இதனை ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். மீர் சையித் அலீ, அப்துஸ் ஸமத் ஆகியோர் மேற்பார்வையில் அப்பணி சுமார் 15 ஆண்டுகள் நடந்தது. இன்று அவற்றுள் 200க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன.

பாரசீக மூலத்தில் இல்லாத ஹோஷ்ருபா, 19ஆம் நூற்றாண்டில் லக்னோ நகரக் கதைசொல்லிகளின் நாவில் பிறந்தது. அதைத் தொடக்கத்தில் சொன்னவர் மீர் அஹ்மத் அலீ என்பர். அவரிடம் பயின்றோருள் அம்பா பிரசாத் ரஸா குறிப்பிடத்தக்கவர். பின்னர் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இதனை நூலாக்க முனைந்தது. முஹம்மத் ஹுஸைன் ஜாஹ் என்பார் 1883 முதல் 1890 வரை முதல் நான்கு தொகுதிகளை எழுதினார். அஹ்மத் ஹுஸைன் கமர் என்பார் எஞ்சியவற்றை எழுதி 1893இல் நிறைவு செய்தார். 8,000 பக்கங்களுக்கு மேற்பட்ட இப்பகுதியோடு, அதே அச்சகம் வெளியிட்ட ஹம்ஸா கதை முழுவதும் 46 தொகுதிகளாக விரிந்தது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதை இவ்வளவு பேரளவில் அச்சேறியது உலக இலக்கியத்திலேயே அரிய நிகழ்ச்சி எனலாம்.

மாய நாட்டின் அமைப்பு

ஹோஷ்ருபாவின் பேரரசன் அஃப்ராசியாப் ஜாது. ‘ஜாது’ என்பது மாயாவிகள் அனைவருக்கும் உரிய பெயரடை. தனக்கு முன் ஆண்ட லாசீன் என்பவனை வஞ்சகமாக வீழ்த்தி அவன் அரியணை ஏறினான். அவன் அரசி ஹைரத். ‘வியப்பு’ என்று அப்பெயருக்குப் பொருள். ஸாமிரி, ஜம்ஷீத் ஆகியோரைத் தெய்வங்களாக வழிபடும் மாயாவிகள் அங்கு வாழ்கின்றனர்.

நாடு மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. கண்ணுக்குப் புலனாகும் பகுதி ‘ஜாஹிர்’. பேரரசனின் நெருக்கமானோர் உறையும் மறைபகுதி ‘பாதின்’. கொடிய வித்தைகள் அறிந்த மூத்தோர் ஒடுங்கியிருக்கும் இருட்பகுதி ‘ஜுல்மாத்’. புலனாகும் பகுதிக்கும் மறைபகுதிக்கும் நடுவே குருதி ஆறு ஒன்று ஓடுகிறது. அதன்மீது அமைந்த பாலம் கல்லாலோ மரத்தாலோ ஆனது அன்று, புகையால் ஆனது. அந்நாட்டில் கடிதங்களை ஆளில்லாத கைகள் வானில் ஏந்திச் செல்கின்றன. வேண்டாதவரையும் அக்கைகளே பற்றித் தூக்கிச் செல்கின்றன.

அஃப்ராசியாபின் ஆற்றலுக்கு அடிப்படை அவன் அறிவு. நாட்டில் எங்கு எது நிகழினும் அதனை உரைக்கும் ஸாமிரியின் நூல் அவனிடம் உண்டு. அதனைத் திறந்து பார்த்தால் மாறுவேடத்தில் வந்தவன் யார் என்பதும் தெரிந்துவிடும். தான் இல்லாத இடத்தில் தன் உருவை அமர்த்தும் கண்ணாடியும் உண்டு. அவன் உள்ளங்கைகளே நல்ல பொழுதையும் தீய பொழுதையும் அறிவிக்கும். அறியவேண்டிய அனைத்தையும் அறியும் கருவிகள் இருந்தும் அவன் ஏன் தோற்றான் என்பதே இக்கதையின் வினா. அதற்கு விடை அந்நாட்டு மாந்தரிடம் இருக்கிறது.

கதைச் சுருக்கம்

தன்னையே கடவுள் எனக் கூறிக்கொள்ளும் லகா என்னும் பேருருவினன் ஹம்ஸாவின் படைக்கு அஞ்சி ஓடி, ஹோஷ்ருபாவின் எல்லையை அடுத்த மலைநாட்டில் தஞ்சம் புகுகிறான். அவனுக்குத் துணை புரியுமாறு அந்நாட்டரசன் அஃப்ராசியாபுக்கு ஓலை விடுக்கிறான். இதற்கிடையே வேட்டைக்குச் சென்ற ஹம்ஸாவின் மகன் பதீஉஜ்ஜமான் ஒரு மான்கன்றைத் துரத்தி மாய நாட்டின் எல்லைக்குள் சென்று சிறைப்படுகிறான். ஹம்ஸாவின் பேரன் அஸதே அந்தத் திலிஸ்மை உடைக்கக் கூடியவன் எனக் கணியர் கூற, அவன் புறப்படுகிறான். அவனுக்குத் துணையாக ஐந்து அய்யார்கள், அதாவது தந்திரத்தில் வல்ல ஒற்றர்கள், தனித்தனி வழிகளில் நுழைகின்றனர்.

இதுவரை கேட்டவர், இனி அஸது வாளெடுத்துப் போரிட்டு வெல்வான் என்றே எதிர்பார்ப்பர். ஆனால் கதை வேறு வழியில் செல்கிறது. அஸது நெடுங்காலம் சிறையில் கிடக்கிறான். அவன் வெளியில் இல்லாதபோதும் போர் நிற்கவில்லை. அதை நடத்துவோர், அந்நாட்டிலேயே பிறந்து, அந்நாட்டின் மாயத்திலேயே வளர்ந்தவர்கள்.

மனம் மாறிய மாந்தர்

முதலில் கட்சி மாறியவள் மஹ்ஜபீன், அஃப்ராசியாபின் உறவுப்பெண். அஸதின்மேல் கொண்ட காதலால் அரண்மனையைத் துறந்தாள். அவளுக்குப் பின் அவள் பாட்டியார் மஹ்ருக் வந்தார். மாயக்கண் உடையவர் எனச் சிறப்பிக்கப்படும் அம்மூதாட்டி, ஹோஷ்ருபாவின் பெருங்குடியினருள் ஒருவர். தம் குடும்பத்துக்குப் பேரரசன் இழைத்த கொடுமையால் மனங்கசந்திருந்தவர். பேர்த்தியை அரியணையில் அமர்த்திக் கலகப்படைக்குத் தாமே தலைமை ஏற்கிறார். முதுமை எய்திய பெண்ணொருத்தி பெரும்படையை நடத்துவதை இக்கதை இயல்பான செய்தியாகவே சொல்லிச் செல்கிறது.

மூன்றாவதாக வந்தவள் பஹார். ‘இளவேனில்’ என்பது அவள் பெயரின் பொருள். அவள் அரசி ஹைரத்தின் உடன்பிறந்தாள். அவள் போர்க்களத்தில் அடியெடுத்து வைத்தால் குளிர்காற்று வீசும், மொட்டுகள் மலரும். அவள் வீசும் பூச்செண்டு பட்டவர்கள் வாளை மறந்து காதற்பாட்டுப் பாடித் தம்மையே அழித்துக்கொள்வர். அக்காள் பேரரசனின் அரியணையில். தங்கை கலகக்காரர்களின் பாசறையில். உறவும் பகையும் ஒன்றாகப் பின்னிய இந்நிலையைக் கதைசொல்லிகள் மிகுந்த நயத்தோடு விரித்துரைத்தனர்.

மின்னலாய் விழும் பர்க் மஹ்ஷர் என்னும் தாயும், இடியாய் முழங்கும் ரஅத் என்னும் அவள் மகனும் வந்து சேர்கின்றனர். மகன் நிலத்துள் மூழ்கிப் பகைவரிடையே எழுந்து முழங்கினால் அவர்கள் உணர்விழந்து வீழ்வர். உடனே தாய் வானிலிருந்து மின்னலாகப் பாய்வாள். பக்கத்து மாய நாடாகிய நூர்அஃப்ஷானின் அரசன் கவ்கபும், அவன் மகள் பர்ரானும் துணைவராகின்றனர்.

இவர்களில் யாரும் அச்சத்தால் வந்தவர்கள் அல்லர். காதல், குடும்பப் பற்று, தன்மானம், நியாய உணர்வு என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஸாமிரியின் நூல் அவர்கள் எங்கே செல்கிறார்கள் என்பதைப் பேரரசனுக்குச் சொன்னது. ஏன் செல்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. தன் குடிகளின் நடமாட்டத்தை அறிந்து, அவர்கள் மனத்தை அறியாத அரசு என்னவாகும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

மாயம் அறியாத ஐவர்

இனி, அய்யார்களைக் காண்போம். அவர்களின் தலைவன் அமர் அய்யார், அரபு நாட்டவன். கிரான் அபிசீனியன். இன்னொருவன் பெயரே பர்க் ஃபிரங்கி. ‘ஃபிரங்கி’ என்பது ஐரோப்பியரைக் குறிப்பது. ஜான்சோஸ், ஜர்காம் ஆகிய இருவரும் உடன் சேர்ந்தனர். ஆகக் கலகப்பாசறையில் அரபியரும் அபிசீனியரும் ஐரோப்பியரும் ஹோஷ்ருபாவின் மாயாவிகளும் ஒரே பந்தியில் அமர்ந்தனர்.

இந்த ஐவருக்கும் மாயம் தெரியாது. மயக்கப் பொடி, வேடம் புனையும் எண்ணெய், கயிற்றுச் சுருக்கு, இனிய குரல், நாவன்மை ஆகியனவே அவர்களின் கருவிகள். அமரிடம் ‘ஜன்பீல்’ என்னும் பை ஒன்று உண்டு. எவ்வளவு இட்டாலும் நிறையாத அப்பைக்குள் ஊர்களும் அடங்கும் என்பது கதை. அவனோ பெருங்கஞ்சன். போரின் நடுவிலும் இறந்தவனின் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் இட மறவாதவன். கேட்போரைச் சிரிக்க வைக்கும் இக்குறையே அவனை மனிதனாகவும் காட்டுகிறது.

மலையைப் பெயர்க்கும் மாயாவி ஒருவன் கூடாரத்தில் வீற்றிருப்பான். பாடகியாகவோ சமையற்காரனாகவோ முதிய தவசியாகவோ ஒருவர் வருவார். சிறிது நேரத்தில் மாயாவி மயங்கிச் சாய்வான். வலிமை மிகுந்தவன் தன் வலிமை ஒன்றையே நம்பி, தனக்குப் பணிவிடை செய்பவனின் முகத்தைப் பார்க்காமல் இருந்தமையே அவன் வீழ்ச்சிக்குக் காரணம். அய்யார்களுக்கு நிகராக அஃப்ராசியாபின் பக்கமும் ஸர்ஸர், ஸபாரஃப்தார் முதலிய ஐந்து பெண்கள் தந்திரப் பணி புரிந்தனர். அவர்களின் போட்டியும் பொய்ச்சண்டையும் இக்கதையின் நகைச்சுவைப் பகுதிகள்.

மாயாவி ஒருவன் கொல்லப்பட்டதும் நடப்பதை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். திசைகள் இருளும், புயல் வீசும், அவனுக்கு ஏவல் செய்த ஆவிகள் ஓலமிட்டு, இறந்தவன் இன்னான் என்று அவன் பெயரை அறிவிக்கும். இருள் விலகியபின் பார்த்தால் அவன் எழுப்பிய மாளிகையும் தோட்டமும் இருக்கமாட்டா. அவன் விட்டுச் சென்றது பெயர் ஒன்றே. ஒருவனின் ஆணையை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட கட்டடம் அவன் மூச்சோடு முடிகிறது. இறுதியில் அஃப்ராசியாபுக்கும் அதுவே நேர்கிறது. ஆனால் பஹாரும் மஹ்ருக்கும் அமரும் சேர்ந்து அமைத்த பாசறை, தலைவன் சிறைப்பட்டிருந்த காலத்திலும் கலையவில்லை.

ஓர் ஐயம்

மாயவித்தை மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அவ்வாறிருக்க, முஸ்லிம் சமுதாயத்தில் இத்தகைய கதை எவ்வாறு சொல்லப்பட்டது என்று நம் பெரியோர்கள் வினவக்கூடும். வினா முறையானதே. கதைக்குள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. ஹம்ஸாவும் அவர் வழியினரும் மாயம் கற்பதில்லை. இறைவனின் திருநாமமே அவர்களுக்குக் காப்பு. மாயத்தால் தன்னைத் தெய்வமாக உயர்த்திக்கொண்டவன் வீழ்வதே கதையின் முடிவு. மாயத்தைப் போற்றும் கதையன்று, மாயத்தின் ஆயுட்குறைவைக் காட்டும் கதையே இது.

எனினும் எதிர்ப்பு எழாமல் இல்லை. 1857க்குப் பின் எழுந்த சீர்திருத்தச் சான்றோர், இத்தகைய கதைகள் இளைஞரைச் செயலற்றவராக்கும் எனக் கருதினர். டிப்டி நஜீர் அஹ்மத் 1870களில் எழுதிய ‘தவ்பத்துன் நஸூஹ்’ என்னும் புதினத்தில், தந்தை தன் மகனின் நூலகத்தையே எரித்துவிடுகிறார். அச்சான்றோரின் நோக்கம் தூயது. தம் மக்கள் புதிய கல்வி பெற்று உயர வேண்டும் என்பதே அவர்தம் கவலை. ஆனால் தீயிலிட்ட ஏடுகளோடு ஒரு காலத்தின் வாழ்க்கையும் எரியக்கூடும் என்பதை அந்நாளில் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

கதைக்குள் ஒரு நகரம்

அந்த வாழ்க்கை எது என்பதை இனிக் காண்போம். 1856இல் ஆங்கிலேயர் அவத் அரசைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். அதன் கடைசி அரசர் வாஜித் அலீ ஷாஹ் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1857ஆம் ஆண்டுப் போருக்குப் பின் லக்னோவின் பல பகுதிகள் இடிக்கப்பட்டு, படைகள் செல்வதற்கேற்ற அகன்ற சாலைகள் இடப்பட்டன. ஹோஷ்ருபா அச்சேறத் தொடங்கிய 1883ஆம் ஆண்டில் அந்தப் பழைய நகரம் முதியோர் நினைவில் மட்டுமே இருந்தது.

ஆனால் கதையில் வரும் மாய நகரங்களின் கடைவீதிகளுள் நுழைந்தால், அங்குக் காண்பது லக்னோவையே. பூக்காரிகளின் கூவல், வெற்றிலைக் கடை, நகை, ஆடை, பல்லக்கு, திருமணச் சடங்கு, விருந்து வகை, அந்தப்புரத்துப் பெண்களின் பேச்சு, ஏவலரின் வசைமொழி என அனைத்தும் வரிசை வரிசையாக அடுக்கப்படுகின்றன. மாயாவிகளின் அரசி பேசுவது லக்னோ பேகம்களின் தூய உருது. ஒவ்வொரு தொழிலாளரின் கருவிக்கும் உரிய பெயர் அங்கே உண்டு. எழுதியோர் இதனை ஓர் ஆவணமாகக் கருதி எழுதினரா என நாம் அறுதியிட வேண்டுவதில்லை. கேட்போர் மகிழ்வதற்காகவே அவர்கள் அடுக்கினர். ஆயினும், செங்கல்லால் ஆன நகரம் இடிந்தபின் சொல்லால் ஆன நகரம் நின்றது.

இத்தகைய வருணனைக்குக் கதைசொல்லும் முறையே இடமளித்தது. போர், அவை, மாயம், தந்திரம் ஆகிய நான்கும் தாஸ்தானின் உறுப்புகள். கதையை ஓரிடத்தில் நிறுத்தி, அடுத்த அடி எடுத்து வைக்காமல் நாட்கணக்கில் வருணித்துக்கொண்டே கேட்போரைக் கட்டி வைப்பது தேர்ந்த கதைசொல்லியின் திறம். டில்லி ஜும்ஆ மசூதியின் வடபுறப் படிக்கட்டுகளில் கதைசொல்லி அமர்ந்து ஹம்ஸாவின் கதையைச் சொன்னதை ஸர் ஸையித் அஹ்மத் கான் 1847இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார்.

மறைவும் மீட்சியும்

அச்சேறிய கதை அழியாது என்று நாம் எண்ணுகிறோம். ஹோஷ்ருபாவின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. டில்லியின் கடைசிப் பெருங்கதைசொல்லி எனப்படும் மீர் பாகிர் அலீ 1928இல் காலமானார். சிற்றரசர் அவைகளில் கதை சொன்ன அவர், முதுமையில் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பர். அவருக்குப்பின் அக்கலையை முறையாகச் சொல்வோர் இல்லாமற் போயினர். கேட்பதற்கு ஆள் இல்லாதபோது படிப்பதற்கும் ஆள் குறைந்தது. 46 தொகுதிகளும் ஒருசேர எந்நூலகத்திலும் கிடைப்பது அரிதாயிற்று. அவை பழந்தாளில் அச்சிடப்பட்டவை, தொட்டால் உதிர்பவை.

உருதுத் திறனாய்வாளர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935–2020) பல்லாண்டுகள் முயன்று 46 தொகுதிகளையும் தேடிச் சேர்த்தார். 40,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அவற்றைப் படித்து, அக்கலையின் இலக்கணத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மேலைநாட்டுப் புதினத்தை அளவுகோலாகக் கொண்டு வாய்மொழிக் கதையை அளக்கலாகாது என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. கூறியது கூறலும் நீண்ட வருணனையும் எழுத்தில் குற்றமாகலாம்; கேட்கும் அவையில் அவையே அழகு. அவருடைய ஆய்வின் ஊக்கத்தால் 2005இல் டில்லியில் இளங்கலைஞர்கள் வெள்ளுடை அணிந்து மேடையில் அமர்ந்து மீண்டும் ஹோஷ்ருபாவைச் சொல்லத் தொடங்கினர். 2009இல் முஷர்ரஃப் அலீ ஃபாரூக்கி முதல் தொகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஏறத்தாழ 77 ஆண்டுகள் அவிந்திருந்த விளக்கு ஒன்று, ஒருவர் சேர்த்து வைத்த நூல்களிலிருந்து மீண்டும் ஏற்றப்பட்டது.

நமக்குரிய கடமை

தமிழ் முஸ்லிம்களிடையே ‘கிஸ்ஸா’ என்பது ஒரு தனி இலக்கிய வகை. நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் ஆகியவற்றோடு சேர்த்து நம் பாடத்திட்டங்களில் அதன் பெயரைப் படிக்கிறோம். ‘கிஸ்ஸா’ என்னும் அரபுச் சொல் கதையைக் குறிப்பது. ஹம்ஸாவின் கதையையும் வட நாட்டார் கிஸ்ஸா என்றே அழைத்தனர். பெயரை அறிந்த நாம், அவற்றைப் பாடக் கேட்டவர்களைத் தேடிச் சென்றோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்திலும் அரபுத் தமிழிலும் அச்சான பழைய கிஸ்ஸாப் பிரதிகள் வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. இரவு நேரங்களில் அவற்றை இசையோடு படிக்கக் கேட்ட மூதாட்டியர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அறிந்த இசை எந்த அச்சுப் பிரதியிலும் இல்லை.

மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒருநாள் மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பாட்டியிடம் ஒரு கதை கேட்டு, அவர் சொன்னவாறே, அவர் சொற்களிலேயே எழுதி வரலாம். குரலையும் பதிவு செய்யலாம். ‘இது நடக்குமா’ என்று இடைமறிக்க வேண்டுவதில்லை. பெரியோர்கள், வீட்டில் பழைய ஏடு கண்டால் அதனைப் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடும் முன் தமிழ்த்துறைக்குக் காட்டுதல் வேண்டும். ஆசிரியராகிய நாம் அவற்றைப் பெயர், ஊர், ஆண்டு குறித்து வரிசைப்படுத்தி வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

குருதி ஆற்றையும் புகைப் பாலத்தையும் கதைசொல்லிகள் கற்பனையால் எழுப்பினர். அவற்றின் நடுவே தாம் இழந்த ஊரின் தெருக்களையும், அத்தெருக்களில் நடந்த மாந்தரின் பேச்சையும் குடிவைத்தனர். கேட்பார் இருந்தவரை அந்த நகரம் வாழ்ந்தது; கேட்பாரற்றபோது மறைந்தது; தேடுவார் தோன்றியதும் மீண்டது. நம் ஊர்களின் கிஸ்ஸாக்களுக்குத் தேடுவாரும் கேட்பாரும் நம் மாணவர்களிடையே தோன்றுவாராக.